என் தாடை திறந்த கதை

எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. தப்பா ஏதாவது சொன்னா மன்னிச்சிடுங்க.

எங்க ஊர் செஞ்சி பக்கம். ஏழு வயசில் புளியமரத்து ஊஞ்சலில் இருந்து குப்புற விழுந்தேன். மோவாய் கிழிந்து மூணு தையல் போட்டாங்க. காயம் பத்து நாளில் ஆறிடுச்சு. ஆனா அந்த அடி காதுக்கு முன்னால இருக்கிற தாடை மூட்டையும் உடைச்சிருக்கு. அதை யாரும் பார்க்கலை. உடைஞ்ச எலும்பு கொஞ்சம் கொஞ்சமா மண்டையோட்டு எலும்போட ஒட்டிப் போச்சு. பத்தாவது முடிக்கிறப்ப என் பல்லு இடுக்கில் ஒரு தீக்குச்சி நுழையும், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தவங்க, "பொண்ணு வாயே திறக்கலை, அடக்கமானவ"ன்னு சொன்னாங்க. எங்கம்மா பேசாம இருந்துட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுது. அவர் கோபப்படலை. சோற்றைக் குழைய வடிச்சுக்கோன்னு மட்டும் சொன்னார்.

கூழும் கஞ்சியும் ரசத்தில் கரைச்ச இட்லியுமா காலம் போச்சு. உள்பக்கம் பல் விளக்க முடியாம கடைவாய்ப் பல் சொத்தை. வலி தாங்காம டவுன் பல் டாக்டரிடம் போனேன். "வாய் திறந்தாத்தானே பார்க்க முடியும்"னு சொல்லி, சென்னையில் ஒரு பெரிய பல் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினாங்க. வலது பக்கம் மூட்டு தனியாத் தெரிஞ்சுது. இடது பக்கம் சிமெண்ட் பூசி அடைச்ச மாதிரி ஒரே கட்டி. அந்த ஸ்கேனை வச்சு என் மண்டையோடு மாதிரியே பிளாஸ்டிக்கில் அச்செடுத்து என் கையிலேயே கொடுத்தாங்க! எங்கே வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு முதலில் கம்ப்யூட்டரிலேயே வெட்டிப் பார்த்துட்டாங்க.

தையல் தெரிஞ்ச அக்காங்களுக்கு ஈசியாப் புரியும். ரெடிமேட் ஜாக்கெட் ஒருத்திக்குப் பொருந்தும், இன்னொருத்திக்குத் தோளில் நிக்காது. இது அளவு ஜாக்கெட். மேல் குழி கெட்டியான பிளாஸ்டிக், கீழ்த் தண்டு டைட்டானியம். என் எலும்பு அளவுக்கே செஞ்சது. வெட்டும்போது பிசகாம இருக்க எலும்பு மேல வைக்கிற ஒரு அச்சும் செஞ்சாங்க, நாம பேப்பர் பேட்டர்ன் வைக்கிறோமே அது மாதிரி. எல்லாம் வர ரெண்டு மாசம் ஆச்சு.

செலவு லட்சத்தைத் தாண்டிச்சு. ரெண்டு ஆடு வித்தோம். மீதிக்குக் குழுவில் 50,000 ரூபாய் கடன் கேட்டேன். "இத்தனை வருஷம் இருந்துட்டே, இனிமே எதுக்கு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. பேரு சொல்ல மாட்டேன், இங்கேதான் இருக்காங்க. ஆனா தீர்மானத்தில் முதல் கையெழுத்தும் அவங்கதான்.

வாய் திறக்காததால மூக்கு வழியா கேமரா வச்ச குழாயை விட்டு மயக்கம் கொடுத்தாங்க. ஏழு மணி நேர ஆபரேஷன். முகத்து நரம்பு அந்த இடத்தில்தான் ஓடுது, அதனால இடது புருவம் கொஞ்ச நாள் தூக்காமப் போகலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அதே மாதிரி மூணு மாசம் தூக்கலை.

மேஜையில் 35 மில்லிமீட்டர் திறந்துச்சாம். வீட்டுக்கு வந்து வலிக்குதுன்னு பயிற்சியை விட்டேன். ஒரே மாசத்தில் 22. டாக்டர் திட்டினதைவிட எங்க குழு திட்டினதுதான் அதிகம். அப்புறம் தினம் சாயங்காலம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து உட்காருவாங்க. ஐஸ் குச்சியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைக்கணும். நான் அழுவேன், அவங்க எண்ணுவாங்க. இப்போ 31 மில்லிமீட்டர். கொட்டாவி வந்தா எங்க பொண்ணு ஓடி வந்து பார்க்குது.

உங்க பிள்ளை மோவாய் அடிபட விழுந்தா, தையலோட விட்டுடாதீங்க. அடுத்தடுத்த வாரங்களில் அதோட மூணு விரலையே அடுக்கி வாய்க்குள்ள வைக்கச் சொல்லுங்க. நுழையலைன்னா உடனே காட்டுங்க. காதில் சீழ் வந்து மூட்டு ஒட்டிப் போறதும் உண்டு. வளர்ற பிள்ளைக்கு என் மாதிரி உலோக மூட்டு பொதுவா வைக்க மாட்டாங்க, விலா எலும்பில் எடுத்து வைக்கிற வழி இருக்கு.

கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. அந்தப் பிளாஸ்டிக் மண்டையைப் பையில் கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ஊறுகாய்க் கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன், வந்து பாருங்க.