மோட்டார் சைக்கிளும் வீட்டுப் பத்தியும்

இலங்கையின் கிராமப்புறங்களிலே பொழுது புலரும்போது கேட்கும் ஒலிகளுள் மோட்டார் சைக்கிளின் ஒலியும் ஒன்றாகிவிட்டது. மீன்பெட்டியைச் சுமந்து சந்தைக்குச் செல்வதும் அதுவே; ஆசிரியரைப் பாடசாலைக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பதும் அதுவே. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வு முழுவதும் அந்த இரண்டு சில்லுகளின் மேல் ஏறி ஓடுகின்றது எனலாம். ஒரு நாள் அது உயிர்பெற மறுத்தால் அன்றைய உழைப்புப் போய்விடும். ஒரு நாள் அதன் பிறேக் பிடிக்க மறுத்தால் போவது உழைப்பு மட்டுமன்று. இவ்விரு துன்பங்களையும் பெரும்பாலும் தடுக்கக்கூடிய வேலை, வீட்டின் பத்தியிலே, மாலைப்பொழுதில், அரைமணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியது. ஆயினும் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்குவோர் மிகச் சிலரே.

மோட்டார் சைக்கிளின் வயது அதிகமன்று. 1885ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கொட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மைபாக் என்னும் இருவர், மரச்சட்டத்தில் ஒரு சிறு பெற்றோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். 1958ஆம் ஆண்டில் யப்பானின் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டளவில் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி செய்யப்பட்டிருந்தன. மரச்சட்டம் மறைந்தது, வேகம் பன்மடங்காயிற்று. ஆயினும் எஞ்சினின் அடிப்படைத் தொழில் மாறவில்லை. பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுதல், அதனை அமுக்குதல், பொறியால் எரித்து வலுப்பெறுதல், எரிந்த புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கே செயல்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 தடவை சுழலும்போது, உருளையினுள்ளே 2000 தடவை இவ்வாறு தீ மூண்டு தணிகின்றது. இத்துணை உழைப்பைக் கேட்கும் இயந்திரத்துக்குச் சிறிது கவனத்தையேனும் கைம்மாறாக அளிக்க வேண்டாமா?

எஞ்சினின் உள்நிலையை அதனைப் பிரிக்காமலே அறிய ஒரு வழியுண்டு. வைத்தியர் நாவைப் பார்த்து நோயை ஊகிப்பது போல, பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கலாம். நுனி இளங்கபில நிறமாயிருந்தால் எரிதல் செவ்வனே நடைபெறுகின்றது. காய்ந்த கரிபோலக் கறுத்திருந்தால் பெற்றோல் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். வெள்ளையாக வெந்திருந்தால் காற்று மிகுந்து எஞ்சின் அளவுக்கு மேல் சூடேறுகின்றது. எண்ணெய்ப் பசையுடன் ஈரமாயிருந்தாலோ, தேய்ந்த வளையங்களின் வழியாக அல்லது வால்வுப் பக்கமாக ஒயில் கசிந்து மேலேறுகின்றது. பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளி, பல சிறிய வண்டிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். மீண்டும் பூட்டும்போது முதற் சில சுற்றுகளை விரல்களாலேயே திருகுதல் அவசியம். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் புரி உருக்கினால் ஆனது. கோணலாக ஏறிய பிளக்கைச் சாவியால் வலிந்து முறுக்குபவர், சிறு காசுச் செலவைப் பெருஞ் செலவாக மாற்றிக்கொள்கின்றார்.

ஒயில் எஞ்சினின் குருதி. பல சிறிய வண்டிகளின் எஞ்சினுள்ளே ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயிலே உண்டு. அந்தச் சிற்றளவே முசலத்தின் உராய்வைத் தணிக்கின்றது, சூட்டைக் கடத்துகின்றது, கியர்ப் பற்சில்லுகளையும் கிளச்சையும் நனைக்கின்றது, தேய்ந்த துகள்களையும் தன்னுள் ஏந்திக்கொள்கின்றது. ஆகவே அதனைக் குறித்த காலத்தில் மாற்றுதல் வேண்டும். மாற்றுவதற்கு முன் வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டால் ஒயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். மோட்டார்க் காருக்குரிய சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அவற்றை ஊற்றினால் ஒயிலில் நனைந்தே வேலை செய்யும் கிளச் வழுக்கக்கூடும். எடுத்த பழைய ஒயிலை முற்றத்தில் கொட்டுதல் தகாது. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக் கற்பாறை நிலத்தில், மேலே கொட்டியது கீழே கிணற்று நீரைச் சென்றடைய நெடுங்காலம் வேண்டியதில்லை.

சங்கிலியைப் பார்ப்போர் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவர். சங்கிலி ஒரே சீராகத் தேய்வதில்லை. சில்லை மெல்லச் சுழற்றி நாலைந்து இடங்களில் அதன் தொய்வைப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே அளவைச் சரிசெய்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய தொய்வு சங்கிலியைக் கழலச் செய்யும். அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் சங்கிலியையும் பற்சில்லையும் தாங்கிகளையும் ஒருங்கே தின்றுவிடும். இறுக்கும்போது அச்சின் இரு பக்கக் குறிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதைக் கவனிக்காவிட்டால், பின்சில்லு சாய்ந்து நின்று வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும்.

இவ்விடத்தில் பலரும் மறந்துவிடும் ஒன்றுண்டு. சங்கிலியை இறுக்குவதற்காகப் பின்சில்லைப் பின்னே நகர்த்தும்போது, அதனோடு இணைந்த பிறேக் கம்பியின் அளவும் மாறிவிடுகின்றது. சங்கிலி சரியாயிற்று என்ற மகிழ்ச்சியோடு பிறேக்கைப் பாராமல் தெருவில் இறங்குபவர், ஒரு குறையைத் தீர்த்து மற்றொரு குறையை உண்டாக்கியவர் ஆகின்றார். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 11 மீற்றர் கடந்துவிடும். பிறேக் ஒரு செக்கன் தாமதித்தால், குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்தப் பதினொரு மீற்றரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

உருளி வகைப் பிறேக்குகளிற் பலவற்றில், வெளிப்புறக் கையில் ஓர் அம்புக்குறியும், அதற்கு எதிரே தகட்டில் ஒரு கோடும் இருக்கும். பிறேக்கை முழுவதும் அழுத்தியபோது அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால், உள்ளேயுள்ள பட்டை தேய்ந்து முடிந்தது என்று பொருள். அதன் பின்னும் திருகி இறுக்குவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. வண்டி நிற்கும்போது அதன் பாரம் முன்சில்லின் மேல் சாய்வதால், நிறுத்தும் வலுவிற் பெரும்பங்கு முன்பிறேக்கிலேயே உள்ளது. முன்பிறேக்கைத் தொட அஞ்சி, அதன் கேபிளைத் துருப்பிடிக்க விட்டவர் தம் பாதுகாப்பின் பெரும்பகுதியைக் கைவிட்டவரே. அக்கேபிளின் நுனியில் ஓரிரு இழைகள் அறுந்திருந்தால் அது முன்னறிவிப்பு. இழை அறாத கேபிளுக்கு, மேல்முனையில் ஒரு சிறு பொலித்தீன் பையைக் கூம்புபோற் கட்டி, அதிற் சிறிது ஒயில் விட்டு இரவு முழுவதும் தொங்கவிட்டால், காலையில் ஒயில் மறுமுனையில் துளிர்த்து நிற்கும். பிறேக்கினுள் சேர்ந்த தூசியை மட்டும் வாயால் ஊதக்கூடாது. பழைய பட்டைகளிற் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் சுவாசப்பைக்குட் சென்றால் கொடிய நோய்களை உண்டாக்கும்.

மாரிகாலத்தில் வேறொரு தொல்லை உண்டு. பெற்றோலோடு நீர் கலந்துவிடும். நீர் பெற்றோலிலும் பாரமானது. ஆதலால் அது தாங்கியின் அடியிலும் காபரேற்றரின் கிண்ணத்திலும் தங்கிநிற்கும். கிண்ணத்தின் கீழுள்ள திருகாணியைத் தளர்த்தி அதனை வடித்துவிட்டாலே பல வண்டிகள் உயிர்பெற்றுவிடும். காபரேற்றரினுள்ளே மயிர்க்கண் போன்ற துளையுள்ள பித்தளை ஊசிகள் உண்டு. அவை அடைபட்டால் காற்றால் ஊதித் துப்புரவாக்க வேண்டுமேயன்றிக் கம்பியால் குத்தக் கூடாது. துளை சிறிது பெரிதானாலும் கலவையின் அளவு கெட்டுவிடும்.

இத்தகைய கைவேலையின் அருமையை யாழ்ப்பாண மக்கள் கசப்பான அனுபவத்தினால் அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டுக்குப் பின் போர்க்காலத் தடைகளினால் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவியது; பிளக்கிற் கரி படிந்தது. பிளக்கைக் கழற்றித் துடைப்பது சோறுண்பது போன்ற நாளாந்தக் கருமமாயிற்று. இயந்திரக் கல்வியைப் பள்ளியிற் பெறாத பலர், காலத்தின் கட்டாயத்தினால் வீட்டு முற்றத்திலேயே அதனைக் கற்றுக்கொண்டனர். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் பங்கீடு வந்தபோதும், வீணாகப் பெற்றோல் குடிக்காத வண்டியை வைத்திருந்தவரே நிம்மதியாய் இருந்தார்.

அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக், மோட்டார் சைக்கிள் பேணும் கலையைத் தலைப்பிலேயே கொண்ட தத்துவ நூலொன்றை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நண்பரின் விலையுயர்ந்த ஜேர்மன் வண்டியின் கைபிடி தளர்ந்து வழுக்குகின்றது. வெறும் பியர்த் தகரத்திலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் கதை சொல்பவர். நண்பருக்கோ அது அவமதிப்பாகத் தோன்றுகின்றது. ஒருவர் பார்த்தது அலுமினியத் தகட்டை. மற்றவர் பார்த்தது குப்பையை. பொருளின் பெயரைப் பாராது அதன் குணத்தைப் பார்ப்பதே கைவினையின் தொடக்கம்.

எனினும் துணிவுக்கு எல்லை உண்டு. மூடிய அறையினுள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலே ஒட்சிசனின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது. தலைவலியும் மயக்கமும் வந்த பின் கதவைத் திறக்கவும் வலுவிராது. ஆகவே மூன்று புறமும் திறந்த பத்தியே பூட்டிய கராஜிலும் மேலானது. பாகங்களைக் கழுவப் பெற்றோலைப் பயன்படுத்துவதும், அருகே அடுப்போ சிகரெட்டோ இருப்பதும் தீயை அழைப்பதாகும். பற்றறியைக் கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் விடுவிக்க வேண்டும். நீர் ஊற்றும் வகைப் பற்றறியாயின் காய்ச்சி வடித்த நீரையன்றிக் கிணற்று நீரை விடலாகாது. வளைந்த சட்டம், வெடித்த சில்லு, எஞ்சினின் உள்ளிருந்து எழும் தட்டொலி ஆகியவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. தமக்குத் தெரியாததை அறிந்திருப்பதும் தொழிலறிவின் ஒரு பகுதியேயாகும்.

இவ்வேலைக்குப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. சரியான அளவுள்ள சில சாவிகள், ஒரு குறடு, காற்றழுத்தமானி ஒன்று, பழைய துணி, கழற்றிய பாகங்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கிவைக்க ஒரு பிஸ்கற் பெட்டியின் மூடி ஆகியவையே போதும். எல்லாவற்றினும் முதன்மையானது வண்டியோடு வந்த கையேடு. ரயருக்குரிய காற்றின் அளவு, சங்கிலியின் தொய்வு, வால்வின் இடைவெளி யாவும் அதிலே உள. அவை வண்டிக்கு வண்டி வேறுபடுவன. அயலவரின் வாய்மொழியைக் காட்டிலும் அச்சிட்ட அந்த எண்ணே நம்பத்தக்கது.

மாலையிலே தந்தை பத்தியில் குந்தியிருந்து பிறேக்கைத் திருகும்போது, அருகே மின்சூள் பிடித்து நிற்கும் பிள்ளை பலவற்றைக் கற்கின்றது. எந்தத் திருகாணி எங்கே போகும் என்பது அதில் ஒன்று மட்டுமே. கெட்ட பின் வருந்துவதிலும் கெடுமுன் காப்பதே மேல் என்பதையும், சிறு குறையைச் சிறிதென்று தள்ளலாகாது என்பதையும் அது சொல்லாமலே அறிந்துகொள்கின்றது. மறுநாட் காலையில் அப்பிள்ளை அதே வண்டியின் பின்னிருக்கையிலேறிப் பள்ளிக்குச் செல்லும். சந்தியிலே திடீரென ஒரு பஸ் குறுக்கிடும், பிறேக் பிடிக்கும், வண்டி நிற்கும். ஒன்றும் நடவாதது போலப் பயணம் தொடரும். முதல்நாள் மாலையில் செலவிட்ட அந்த அரைமணி நேரத்தின் பயன் அதுவேயாகும்.