தண்ணி எடை

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, தாப்பாவிலிருந்து அத்தனை வளைவுகளையும் கடந்து, பட்டுப்புடவையும் கையில் எலுமிச்சம்பழமுமாக இந்தக் கேமரன் மலைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெற்றோரே,

கதையில் உணர்ச்சி ஆழம் எப்படி வருகிறது என்று பேசச் சொன்னார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தராசு.

பத்தொன்பது வயதில் முதல் கதை எழுதினேன். நாயகி இந்த மலையில் கொழுந்து பறிப்பவள், என் அம்மாவைப் போல. புருஷனை இழந்தவள். ஏழு பக்கத்துக்குள் பதினோரு இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். ரிங்லெட் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட அம்மா, முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மழையில பறிச்சாளா, வெயில்லயா?"

மழையில்தான், அப்போதுதானே சோகமாக இருக்கும் என்றேன்.

"அப்ப தண்ணி எடை கழிச்சிருப்பாங்களே, அதை எங்கடா காணோம்?"

நனைந்த கொழுந்து கனக்கும். அம்மா வேலை செய்த தோட்டத்தில் மழை நாளில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று சில கிலோவைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கு எழுதினார்கள். எவ்வளவு தள்ளுவது என்பது தராசுப் பக்கம் நிற்பவரின் கண் மதிப்பு. சில நாள் கூடுதலாகவே போகும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "உன் ஆளு அழுதுக்கிட்டே பறிச்சிருந்தா அந்தக் கண்ணீரையும் சேர்த்துத்தான் கழிச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதையைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து எதை எழுதினாலும் தண்ணி எடை எவ்வளவு என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. "நெஞ்சு விம்மியது", "இதயம் வெடித்தது" எல்லாம் தண்ணீர். தராசில் கனமாகத் தெரியும். வாட்டிப் பார்த்தால் கொழுந்து ஒரு பிடிகூடத் தேறாது.

தண்ணி எடை இல்லாமல் எழுதியவர், இலங்கை மலையகத்தில் தெளிவத்தை ஜோசப் என்று ஒருவர் இருந்தார். 1934இல் பிறந்து 2022இல் மறைந்தவர். தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். அவருடைய 'மீன்கள்' சிறுகதையை இங்கே பலர் பாடமாகப் படித்திருப்பீர்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. அதற்குள் புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளைகள். இருட்டில் மனைவி என்று எண்ணி மகளைத் தொட்டுவிடுகிறான் தகப்பன். இதைச் சொல்ல எனக்கே நாக்குக் கூசுகிறது. ஆனால் கதையை மூடியபின் அந்தத் தகப்பன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குள் நின்றது அந்த அறையின் நீள அகலம்தான். யாரோ ஒரு துரை காகிதத்தில் கோடு போட்டு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று முடிவு செய்த அளவு அது.

புதுமைப்பித்தனும் 1930களில் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். அந்த மலையில் வாழ்ந்தவர் அல்லர். கோபம் மட்டும் கொழுந்துவிட்டு எரியும். அவர் என் ஆசான்களில் ஒருவர், இருந்தாலும் சொல்கிறேன்: கோபத்தில் அவர் மேலே, ஆழத்தில் ஜோசப் மேலே. ஜோசப்புக்கு அந்த அறையில் எங்கே தலை இடிக்கும் என்று தெரியும்.

நம் மலேசியக் கதைகளில் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம், நிறைய உண்டு. ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக எழுதினார்கள். கொழுந்துக் கூடைதான் அதிகம் வரவில்லை. 1885இல் அளவெடுக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கே வந்துவிட்டது. 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸலின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயரை எங்கே தேடுவது? செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும், அதுவும் கரையான் அரிக்காமல் இருந்தால்.

செக்ரோல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பா இறந்த ஆறாம் நாள் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போனார். விடியாத நேரம், பனி. பழக்கதோஷத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி அப்பாவின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். வரிசை முழுக்க அமைதி.

"வரலைங்க" என்றார் அம்மா.

பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார். இதை மூன்று முறை கதையாக எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஏதாவது ஒரு வரி சேர்த்துக் கெடுத்துவிட்டேன். அப்படியானால் பாத்திரம் அழவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக அழட்டும். ஆனால் எழுதுகிறவன் அவளுக்கு முன்னால் அழுது முடித்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இன்று அந்தத் தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள். விரல் பறித்த இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கொழுந்துக் கறை படிந்த விரல்கள் உங்கள் பாட்டிமாரோடு முடிந்துகொண்டிருக்கின்றன. அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலேயே, பின்வரிசையில், குளிருக்குச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "கஷ்டமா இருந்துச்சா பாட்டி?" என்று கேட்காதீர்கள், "ஆமாய்யா" என்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கூடை எத்தனை கிலோ பிடிக்கும், தராசுப் பக்கம் நின்றது யார், மழை நாளில் எவ்வளவு கழித்தார் என்று கேளுங்கள்.