நிலையம் போயிற்று, பயிற்சி நின்றது
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகளுட் பலர், நிலைத்த உத்தியோகம் ஒன்று கிடைத்தாற் போதுமென்று கருதித் தொழிற்பயிற்சியை எளிதாக எண்ணுகின்றனர். அவர்பொருட்டுச் சென்ற கோடை விடுமுறையில் யாம் கேட்டறிந்த செய்தியொன்றைக் கூறப் புகுகின்றோம்.

மாலத்தீவுகளின் தென்கோடியில், நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே, அட்டு என்னும் பவளத்தீவுக் கூட்டம் உளது. அதனைச் சேர்ந்த சிறு தீவு கான். எம் உறவினர் ஒருவர் அப்பக்கத்துப் பள்ளியில் ஆசிரியராயிருத்தலின், ஆங்குச் சின்னாள் தங்கினோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் கானில் விமானம் இறங்க ஓடுபாதை அமைத்தனர். இலங்கையிலிருந்த தளங்களை 1957-ஆம் ஆண்டில் அந்நாட்டினரிடம் ஒப்புவித்தபின், அவர்தம் விமானப்படை மீண்டும் கானுக்கு வந்தது. அத்தீவிற் குடியிருந்தோர் அயலிலுள்ள ஃபேதூ தீவிற்குப் பெயர்க்கப்பட்டனர்.

அங்ஙனம் சிறுவயதிற் குடிபெயர்ந்து, பின்னர் அத்தளத்திலேயே பணிபுரிந்த முதியவர் ஒருவரை யாம் கண்டோம். எம் உறவினர் அவர்தம் பேச்சை எமக்கு எடுத்துரைத்தார். நாடோறும் விடியலில் தோணியேறிச் சென்று, சமையற்கூடத்திற் பாத்திரம் துலக்கினாராம். படையினர் பேசக் கேட்டே ஆங்கிலம் பயின்றார். பரிமாறும் முறையும் பண்டகசாலைக் கணக்கும் கற்றார். "எங்கள் வீடு இருந்த மண்ணுக்கே கூலிக்குச் சென்று, மாலையில் அயலூர் திரும்புவோம்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

1976-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் படையினர் தளத்தை மூடிச் சென்றனர். பலர் வேலையிழந்தனர். ஆயின், மாலை நகரையடுத்த தீவுகளில் 1972 முதல் உல்லாசப் பிரயாணிகளுக்கு விடுதிகள் தோன்றியிருந்தன. ஆங்கிலமும் உபசரிப்பும் அறிந்த அட்டு மக்கள் பலர் அங்குச் சென்று பிழைத்தனர். இம்முதியவரும் அவ்வாறே சென்று, மக்களைப் படிக்கவைத்தார். கானின் ஓடுபாதை இன்று பிரயாணிகள் வந்திறங்கும் நிலையமாயுளது. அவர் பேரன் அங்கே பணியாற்றுகின்றான்.

"அப்படியாயின் தளம் வந்தது நன்மைதானோ?" என்று வினவினோம். "கற்றது என்னோடு வந்தது; ஊர் வரவில்லை" என்றார். இழந்த மண்ணுக்குப் பயிற்சி ஈடாகாது. எனினும், பிறர் தந்த வேலையைப் பிறரே எடுத்துக்கொண்ட அந்நாளில், அவர் கையில் எஞ்சியது அதுவொன்றே.

ஆதலின், அன்பர்களே! நம் சங்க மண்டபம் மாலை வேளைகளிற் பூட்டிக்கிடத்தல் தகாது. ஆங்குப் பிள்ளைகளுக்கு ஒரு மொழியும் ஒரு தொழிலும் கற்பிக்க ஏற்பாடு செய்வோமாக. தொழிலறிந்தோர் முன்வருக. வாரத்தில் இருநாள் ஊதியமின்றித் தமிழ் கற்பிக்க யாம் உடன்படுகின்றோம்.