ஐந்து ஆண்டு எதற்கு?

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

பி.எஸ்ஸி.யும் எம்.எஸ்ஸி.யும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பை முடித்து டயட்டீஷியன்களாக வெளியே போகிறீர்கள். இந்த ஐந்து வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்களில் ஒருவராவது, "எதைச் சாப்பிடணும், எதைச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்றதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா?" என்று கேட்டிருப்பார். கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். பத்தியம் என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்குகிறது. பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது, மஞ்சள் காமாலைக்கு எதை நிறுத்துவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி முடிவாகச் சொல்லிவிடுவார். அப்படியிருக்க, பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டால் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஐந்து என்ற எண்ணில் பெருமை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பும் வார்டும் எந்த வரிசையில் ஒன்றோடொன்று பின்னப்படுகின்றன என்பதில்தான் இந்தப் படிப்பின் நியாயம் இருக்கிறது.

நீங்கள் நன்கு அறிந்த ஒரு நிலைமையையே எடுத்துக்கொள்வோம். பத்து நாளாக வாயில் ஒன்றும் இறங்காமல், 45 கிலோ எடையோடு ஒருவர் வார்டில் சேர்க்கப்படுகிறார். பாட்டியின் பரிவு என்ன சொல்லும்? வயிறார ஊட்டு என்றுதான். ஆனால் பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று நுழைந்தால் இன்சுலின் சுரக்கிறது. ரத்தத்தில் எஞ்சியிருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடுகின்றன. பாஸ்பேட் சரிந்தால் இதயமும் மூச்சுவிடும் தசைகளும் தடுமாறும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், ஆபத்து அதிகமுள்ள நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கச் சொல்கிறது. இந்த நோயாளிக்கு அது முழு நாளைக்கும் 450 கலோரி. அதற்கு முன்பே தயமின் கொடுத்தாக வேண்டும். இந்த வேதியியல் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். இரண்டாம் ஆண்டிலேயே மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கட்டிலைச் சுற்றி நின்று, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா பட்டினி போடுறீங்களே" என்று கொதிக்கும் குடும்பத்துக்கு அதை விளக்கவும், யாரும் பார்க்காதபோது அவர்கள் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த சத்துமாவுக் கஞ்சி உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் வார்டில் நின்றுதான் கற்க முடியும்.

பட்டங்கள் தனித்தனியாக இருக்கும் முறையில் என்ன நடக்கிறது? மூன்று ஆண்டு புத்தகம். பிறகு வேறொரு கல்லூரி. அங்கே வெவ்வேறு பாடம் படித்து வந்தவர்களைச் சமன்செய்வதற்காக, படித்ததில் பாதியை மறுபடி படிக்க வேண்டிவரும். கடைசியில் சில மாதம் இன்டர்ன்ஷிப். கேள்விகள் முளைப்பது அந்தக் கடைசி மாதங்களில்தான். பதில் சொல்லக்கூடிய வகுப்பு அதற்குள் முடிந்துபோயிருக்கும். இணைந்த படிப்பு இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் குறைவான உணவு வேண்டும் என்று பட்டியலோடு மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் போகும் மாணவி அங்கே என்ன பார்க்கிறாள்? உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று நோயாளி கடையில் தேடி வாங்கிவந்த 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று தினமும் இளநீர் குடிக்கிறார். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள் என்று சார்ட்டில் எழுதியிருக்கிறது. அவர் வீட்டிலோ தண்ணீர் தெளித்துப் பொரியல்தான் செய்வார்கள், வடித்த கீரையை யாரும் தொடமாட்டார்கள். இதையெல்லாம் கண்டுவிட்டு நான்காம் ஆண்டில் சிறுநீரகப் பாடத்துக்கு வருகிறவள், தேர்வில் என்ன வரும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

நம் துறையின் பிறப்பும் இப்படிச் சமையல்பானையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனதுதான். 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைக் குன்னூரில் தொடங்கினார். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. குன்னூர்க் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது; அதை நெடுங்காலம் நடத்தியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அதே அரிசி இன்று வேறு வழக்கில் கூண்டில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அரிசியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல யாராலும் முடியும். என்ன அரிசி, எவ்வளவு தீட்டியது, தட்டில் அதோடு என்ன, எத்தனை கரண்டி என்று கேட்கப் பழகியவர்களே இங்கே பயன்படுவார்கள்.

இனி எதிர்வாதங்கள். படிப்பு நீண்டால் தரம் உயரும் என்பதற்கு என்ன ஆதாரம்? நீளம் மட்டுமே ஆதாரமாகாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல், டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். பிரிட்டனில் இளங்கலையே போதும். ஆனால் அந்தப் பதவிப்பெயரைச் சட்டம் காக்கிறது, பதிவு செய்யாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆண்டுக் கணக்கில் இரண்டு நாடுகளும் வேறுபடுகின்றன. மேற்பார்வையில் செய்யும் பயிற்சியை மட்டும் இரண்டுமே விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காவில் அது குறைந்தது 1,000 மணி நேரம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம் டயட்டீஷியனையும் தன் பட்டியலில் சேர்த்து, சுகாதாரப் படிப்புகளை ஆண்டோடு மணிக்கணக்கிலும் அளக்கிறது. நல்ல அளவுகோல், அந்த மணிகள் வார்டில் கழிந்தால்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பதினேழு வயதில் ஒரு பெண்ணை ஐந்தாண்டுக்குக் கட்டிப்போடலாமா? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் தள்ளிப்போவது சின்ன இழப்பா? இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவில், வெளியில் மதிப்புள்ள ஒரு பட்டத்தோடு விலகிப்போகும் கதவு திறந்திருக்க வேண்டும். வார்டு மாதங்களுக்கு உதவித்தொகை தர வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆட்சேபமே வெல்லும், என் வாதம் அங்கே செல்லாது. இன்னும் சிலர், அங்கன்வாடிக்கும் சத்துணவுக்கூடத்துக்கும் எம்.எஸ்ஸி. எதற்கு என்பார்கள். வேண்டாம்தான். அந்தப் பணிக்கு வேறு பயிற்சி போதும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அந்தப் பயிற்சி போதாது.

மேற்பார்வையில் செய்யும் பயிற்சி என்று சொன்னேன். மேற்பார்க்க ஆள் யார்? உங்கள் துறை ஆசிரியர்கள் இரண்டு வார்டில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. இந்த ஆண்டு மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவர்களின் பயிற்சி, நீங்கள் வேலைக்குச் சேரும் மருத்துவமனைகளில்தான் நடக்கும். கல்லூரியிலிருந்து போன் வரும். வாரத்துக்கு இரண்டு காலை கேட்பார்கள். வேலை நெருக்கடியில் அது தொல்லையாகத்தான் இருக்கும். மறுக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.