எல்லைப் புறத்தில் ஒரு நாள்

நெடுந்தூரம் மிதிவண்டியிற் செல்வோர்க்குக் காற்றின் போக்கு மிக முக்கியமானது. கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் இதனை ஓர் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் நன்கு உணர்ந்தோம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கிறது. அவ்வழியே புகுந்த மேல்காற்று, பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை வரையில் எங்களை முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல் கொண்டுவந்து சேர்த்தது. கேரளத்து வழியே வந்த காற்று தமிழகத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதையும் கண்டோம்.

மறுநாள் காலை தெற்கே திரும்பி, இடுக்கி மாவட்டத்து மறையூருக்குப் புறப்பட்டோம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அவ்வூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையில் இருப்பதோ யானைக் காடு. ஆகவே நன்கு விடிந்த பின்னரே காட்டுக்குள் நுழைந்தோம்.

சின்னாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். கேரளம் என்றதும் நாம் மழையையே நினைக்கிறோம். இங்கோ முட்புதர்களும் கள்ளிகளுமே மிகுதி. தென்மேற்குப் பருவமழையை மேற்கிலுள்ள உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் இது மழை மறைவுப் பிரதேசமாயிற்று.

ஒரு வளைவில் சாலையோரமாக யானை ஒன்று நின்றது. மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது. யானையோ திடுக்கிட்டால் பொல்லாதது. இருவரும் இறங்கி, பேசாமல் வண்டிகளைப் பின்னுக்கு உருட்டினோம். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநரும் நிலைமையறிந்து வண்டியை நிறுத்தினார். யானை தன் விருப்பப்படி புதருக்குள் மறைந்த பிறகே எங்கள் மூச்சு சீரானது.

அப்பால், பள்ளத்தாக்கில் பாம்பாறு தென்பட்டது. கேரளத்து 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே. அவற்றுள் இது ஒன்று. இதன் நீரே அமராவதியாகிக் காவிரியைச் சேர்கிறது. 1957-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணை நிரம்புவதும் இந்நீரால்தான்.

மாலையில் மறையூரை அடைந்தோம். சந்தனக் காடும், முனியறை என்று வழங்கும் பழங்காலக் கற்பதுக்கைகளும், கரும்பு வயல்களும் உள்ள ஊர். இங்குக் காய்ச்சும் வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேநீர்க் கடையில் ஒரு முதியவர், “எந்த ஊருங்க? சைக்கிள்லயேவா வந்தீங்க?” என்று தமிழிலேயே விசாரித்தார். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களை அஞ்சுநாடு என்பர். தம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அஞ்சுநாட்டார் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுவரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த மறையூரும் கேரளத்தில் ஒன்றாயின. ஆட்சிக்கு எல்லை தேவையே. ஆயினும் காற்றும் ஆறும் அவ்வெல்லையைக் கடந்தே இயங்குகின்றன. மொழியும் அவ்வாறே, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காற்றும் நீரும் தாமே கடக்கும். மொழியை மனிதர்தாம் சுமந்து செல்லவேண்டும். அஞ்சுநாட்டார் அதனைப் பள்ளிக்கூடங்கள் தோன்றும் முன்பே, வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் பேசிப் பேசியே காத்தனர். தமிழகத்துக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களுக்கும் அந்த வீட்டுப் பேச்சு எட்டாத பொருளன்று.