வண்டிச் செலவும் கணக்கின் துணையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



களத்து நெல் அரிசியாகி வீடு சேரும் வரையில் அதன்மீது ஏறும் செலவுகளுள் வண்டிச் செலவு முக்கியமானது. வாடகையைப் பேரம் பேசுவதொன்றே இதைக் குறைக்கும் வழி எனப் பலர் கருதுகின்றனர். எச்சரக்கை எங்கே, எவ்வழியே அனுப்புவது என முன்கூட்டிக் கணக்கிடுவதும் சிறந்ததொரு வழியாகும்.

உதாரணமாக, கீழூர், புதூர் ஆகிய இரு கொள்முதல் நிலையங்களில் 100 மூட்டை வீதம் நெல் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு அரவை ஆலைகளுக்கும் தலா 100 மூட்டை தேவை. கீழூரிலிருந்து மூட்டைக்கு முதல் ஆலைக்கு 4 ரூபாய், இரண்டாம் ஆலைக்கு 6 ரூபாய். புதூரிலிருந்து முறையே 5 ரூபாய், 12 ரூபாய். அருகிலுள்ள முதல் ஆலையைக் கீழூர் எடுத்துக்கொண்டால், புதூர் நெல் இரண்டாம் ஆலைக்கே போக நேரும். மொத்தச் செலவு 1,600 ரூபாய். மாற்றி அனுப்பினால் 1,100 ரூபாய்தான். கீழூருக்குக் கூடும் 200 ரூபாயைப் பொதுவில் ஈடுசெய்த பின்னும் 500 ரூபாய் மிஞ்சும். அவரவர்க்கு அருகிலுள்ளது அனைவருக்கும் சிக்கனமாக இராது என்பது இதனால் விளங்கும்.

நிலையங்கள் நூறாகப் பெருகினால் மனக்கணக்கு போதாது. அமெரிக்க அறிஞர் ஹிட்ச்காக் 1941-இல் இப்பிரச்சினையைக் கணித வடிவில் வகுத்தார். 1947-இல் டான்ட்சிக் இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையைக் கண்டார். அவரே ராம்சருடன் சேர்ந்து, பெட்ரோல் லாரிகள் எவ்வழியே சுற்றிவர வேண்டும் என்பதை 1959-இல் ஆராய்ந்தார்.

பால் வண்டிக்கும் இது பொருந்தும். ஒரு வண்டி பத்து ஊர்களைச் சுற்றித் திரும்ப 18,14,400 வழிகள் உண்டு! எல்லாவற்றையும் சோதிக்காமலே நல்ல வழியைக் காணும் எளிய முறையொன்றைக் கிளார்க், ரைட் என்போர் 1964-இல் வெளியிட்டனர். கிளார்க் மான்செஸ்டர் நகரில் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். பால் நிலையத்திலிருந்து ஓரூர் 8 கிலோ மீட்டர், மற்றோரூர் 7, இடைத்தூரம் 3 என்றால், தனித்தனியே போய்வர 30 கிலோ மீட்டர். சேர்த்துச் சுற்றினால் 18. மிச்சம் 12. அதிக மிச்சம் தரும் ஊர்களை, வண்டியின் கொள்ளளவுக்கு உட்பட்டு, முதலில் இணைப்பதே அம்முறை.

நம் நாட்டில் பொது விநியோகத் தானியங்களைக் குறைந்த தூரத்தில் கொண்டுசெல்ல வழிகாட்டும் ‘அன்ன சக்ரா’ என்னும் கணினி முறை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். கணினி, நாம் கூறிய நிபந்தனைகளை மட்டுமே அறியும். மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலத்தை அது அறியாது. செலவைக் குறை என்று மட்டும் கட்டளையிட்டால், கடைக்கோடிக் குக்கிராமத்தை விட்டுவிடுவதே சிக்கனம் என்றும் விடை தரக்கூடும். ‘எந்த ஊரும் விடுபடலாகாது, பால் கெடுமுன் வண்டி வர வேண்டும்’ என்பவற்றையும் கணக்கில் சேர்க்கச் செய்வது மக்கள் பிரதிநிதிகளின் கடமை.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் சாலைகளின் தூரம், பாலங்களின் தாங்குதிறன், அறுவடைக் காலச் சரக்களவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்து, பக்கத்துப் பஞ்சாயத்துகளுடன் கலந்து திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சரியான விவரம் இருந்தால்தான் சரியான கணக்கு உண்டு.