யார் பெயரில் இருக்கிறது வீடு?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடி. கீழே நீச்சல்குளம், ஜிம், வாசலில் காவலாளி. மூணு படுக்கையறை, வாடகை 45,000 ரூபாய். மூணு பேர் சேர்ந்தால் தலைக்கு 15,000. கணக்குப்படி லாபம்தான், மறுக்கவில்லை. "அவனவன் பங்கைக் குடுத்தா சரி, இங்க யாரு சாதி பாக்குறா?" என்றார்கள். நானும் நம்பினேன்.

அதற்கு முன்னால் தனியாக வீடு தேடி அலைந்தேன். புரோக்கர் முதலில் கேட்டது சம்பளத்தை இல்லை. "சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" சாதி என்ற சொல்லே வரவில்லை. "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்பார். அந்தப் போன் வரவே வராது.

கடைசியில் கூட வேலை பார்த்த நண்பர் எடுத்த வீட்டில் மூணாவது ஆளாகச் சேர்ந்தேன். ஒப்பந்தத்தில் அவர் பெயர் மட்டும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தில் நான் இல்லையே, எதைக் கேட்பார்கள்?

எட்டாவது மாசம் என் அறையில் அம்பேத்கர் படம் மாட்டினேன். குழாய் ரிப்பேரைப் பார்க்க வந்த ஓனர் பார்த்தார். ஒண்ணும் பேசவில்லை. மறுநாள் நண்பர் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத. படத்தை பீரோவுக்குள்ள வச்சுக்கயேன். இல்லேன்னா எல்லாரையும் காலி பண்ணச் சொல்றாரு." படத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அட்வான்ஸில் என் பங்கைக் கேட்க ஒரு துண்டுச்சீட்டு கூட என்னிடம் இல்லை.

1917-இல் பரோடாவில் அம்பேத்கர் பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்தார்கள். அன்று தடி. எனக்கு நண்பனின் தணிந்த குரல். கதவு ஒன்றுதான்.

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பெயர் சொல்லிச் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போடுகிறது. அந்த வரிசையில் வாடகை வீடு இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் பெயரில்லாதவனுக்கு ஒப்பந்தத்தால் என்ன பயன்?

பங்குபோட்டுக் குடியிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். சாதி இந்து நண்பர்களுக்கும் ஒன்று: வாடகையைப் பங்குபோட்டால் போதாது. ஓனர் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கும்போது, "இது எங்க வீட்டுப் படம்" என்று நீங்கள் சொல்லவேண்டும்.

அதைச் சொல்லாத வரைக்கும் நீச்சல்குளம் இருந்தாலும் அது ஊர்தான். நான் சேரியில்தான் நிற்கிறேன்.